முட்கரண்டி குத்திய இடம்

நெடுஞ்சாலை ஓரத்தில் உருவிய விதைகள்
மூன்று மாதம் ஃபிரிட்ஜில்,
ஊறுகாய் பாட்டிலுக்குப் பின்னால்,
ஈர மணலில் குளிரையே காய்ந்து கிடந்தன.

முதல் வருடம் இரண்டு விரல் உயரம்.
அடுத்த வருடமும் அவ்வளவுதான்.
வேர் மட்டும் எங்கோ கீழே
நடந்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

மூன்றாவது மே. எல்லாம் துளிர்த்தும்
அந்த ஓரடி மண் வாய் திறக்கவில்லை.
புல் வெட்ட வந்த கோல்பி
குத்தி நின்ற முட்கரண்டியைப் பார்த்து,
"பூனையைப் புதைச்சீங்களா?"
"இன்னும் தெரியல" என்றாள் வெல்டா குச்செரா.
எந்திரம் சுற்றிப் போனது.

ஜூலை. தண்ணீருக்குத் தடை.
நெப்ராஸ்கா வானம் வெறும் தகரம்.
கரண்டியை மறைத்து
ஆரஞ்சு நிறத்தில் ஒரு கைப்பிடி.

கோடு போட்ட புழு ஒன்று
இலையைப் பாதி தின்றுவிட்டிருந்தது.
அவள் தட்டிவிடவில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
மெல்லும் சத்தம் கேட்கிறதாம்.