கால்வட்டம்

ஒன்றுக்கு ஐம்பது அளவில்
வீட்டை வரைந்து வரச் சொன்னார்கள்.
சுவர், இரட்டைக் கோடு.
கதவுக்குக் கால்வட்டம்:
அது திறந்து வரும் வழி.

ஷார்ஜா ரோலாவில், பேக்கரிக்கு மேல் மூன்றாம் மாடி.
டேப்பின் மறுமுனையைத் தம்பி நவ்ஃபல் பிடித்தான்.
மூன்று அறுபது, நான்கு பத்து.
ஏசிக்காக உடைத்த ஓட்டை
ஜன்னலா சுவரா, தெரியவில்லை;
புள்ளிக்கோடாக விட்டேன்.

கதவு மட்டும் கால்வட்டம் போகவில்லை.
நைட் டூட்டி முடிந்து வாப்பா உறங்கும் கட்டிலில்
இடித்து நிற்கிறது.
பாகைமானி வைத்தேன்: ஐம்பத்தெட்டு.
அப்படியே வரைந்தேன்.

தாள் சிவப்பு மையோடு திரும்பியது:
கதவு தொண்ணூறு பாகை திறக்க வேண்டும்.

கட்டிலை அழித்தால் திறக்கும்.
இந்த அளவில் வாப்பா
மூன்றரை சென்டிமீட்டர்தான்.

ரப்பரை எடுத்தேன்.
வாப்பா புரண்டு படுத்தார்.