ஊடை

சோமனூர், கூலி உயர்வுக் கூட்டம்.
எரிமலை என்றேன்;
ஒருவர் பீடிக்குத் தீப்பெட்டி கேட்டார்.
சீறும் கடல் என்றேன்.
கடைசி வரிசையில்
முறுக்குப் பொட்டலம் பிரிந்தது.

எழுதி வந்த தாளை மடித்தேன்.
"ஊடை அறுந்தால் தறி நிற்கிறது.
நாம் அறுந்தால்
எது நிற்கிறது?"

முறுக்கு நின்றது.

நாச்சாத்தாள் எழுந்தாள்,
தலைமுடியில் பஞ்சு:
"எங்க குடோன்ல தறி நிக்காதுங்க.
ஃபோர்க்கு போயி ஆறு மாசமாச்சு.
ஊடை இல்லாமயே
ஓடிட்டுக் கெடக்குது."

சிரித்தார்கள்.
பாதிச் சிரிப்பில் யாரோ
"ஆமாங்க" என்றார், மெதுவாக.
அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

அவள் என் பிழையைத்தான் திருத்தினாள்.
மைக்கை நீட்டினேன்.
"ஷிப்டுக்கு நேரமாச்சுங்க" என்று
குவியலில் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.