பதினாலாம் சானல்

மேடைக்கு நேர் கீழே,
நாற்பத்து மூன்று படி இறங்கினால் என் அறை.
இருபத்து நான்கு டிம்மர், ஒரு ஸ்டூல்,
கருகிய தூசியின் வாசம்.
லியெபாயாவில் ஜனவரியில்
கடலின் விளிம்பு உறைந்து கிடக்கையில்
கோட்டைக் கழற்றி உட்கார முடிந்த ஒரே இடம் என்று
நடிகர்கள் இடைவேளையில் வந்து குளிர்காய்வார்கள்.

எந்த நாடகத்தையும் நான் முழுதாகப் பார்த்ததில்லை.
சோக் சுருள்களின் ரீங்காரத்தில் கேட்டிருக்கிறேன்.
கல்யாணக் காட்சிக்கு ஒரு சுருதி,
புயலுக்கு ஒன்று.

எவால்ட்ஸ் ஒருநாள் கேட்டார்:
"வெளிச்சத்தை எப்படிக் குறைக்கிறாய், இங்குனா?
குழாயைத் திருகுவது போலவா?"
அதெல்லாம் பழைய ரெசிஸ்டர்,
பாதி கரண்ட் சூடாகவே போய்விடும் என்றேன்.
இது எஸ்.சி.ஆர்.
போகிற அலைக்கு ஒன்று, திரும்புகிற அலைக்கு ஒன்று.
சாத்திய கதவாகவே இருக்கும்.
கேட்டில் ஒரு பொட்டு மின்சாரம் தட்டினால்
படாரெனத் திறக்கும்.
திறந்தபின் தட்டியவன் பேச்சைக் கேட்காது,
மூடு என்று காலில் விழுந்தாலும் மூடாது.
அலை தானாக இறங்கிப் பூஜ்யத்தைத் தொட்டால்தான்
சாத்திக்கொள்ளும்.
நொடிக்கு நூறு தடவை இந்தப் பிடிவாதம்.
சீக்கிரம் தட்டினால் பட்டப்பகல்.
பொறுத்துத் தட்டினால் அந்தி.

"அப்படியானால் இருட்டு?"
"ரொம்பத் தாமதம்."
அவர் சிரிக்கவில்லை.
அந்தக் குளிர்காலம் முழுக்க, வாரம் மூன்று தடவை,
ஒரே கட்டிலில் செத்துக்கொண்டிருந்தவர் அவர்.

வியாழக்கிழமை. கடைசிக் காட்சி.
மேலே பால்கனியில் காட்டிஸ்
தொண்ணூறு விநாடியில் நெம்புகோல்களை இறக்குகிறான்.
ஒவ்வொரு ரீங்காரமாக அடங்குகிறது.
பதின்மூன்று அடங்கிற்று, பதினைந்து அடங்கிற்று.
பதினாலு,
கட்டிலுக்கு நேர்மேலே தொங்கும் இரண்டாயிரம் வாட்,
திடீரென முனகலை நிறுத்திவிட்டு
முழுதாக எரிகிறது.

எனக்குப் புரிந்துவிட்டது.
எஸ்.சி.ஆர் செத்தால் விளக்கு அணையாது.
உள்ளே உருகி ஒட்டிக்கொண்டு
நிரந்தரமாகத் திறந்துவிடும்.

பிரேக்கரில் கை வைத்தேன்.
"இழுக்கட்டுமா?"
இன்டர்காமில் மூச்சு மட்டும்.
பிறகு மேடை நிர்வாகியின் கிசுகிசு:
"வேண்டாம். பொறு."

பொறுத்தேன்.
தட்டுவதற்கு ஆள் வராத கேட் போல
ஒரு விரலோடு நின்றேன்.
தலைக்கு மேலே பலகை ஒருமுறை கிரீச்சிட்டது.
யாரோ நடக்கிறார்கள்;
இருட்டில் வெளியேற வேண்டிய விஸ்மா
வெளியேறவில்லை.

காட்டிஸ் பின்னால் சொன்னான்:
எல்லோருக்கும் தெரிந்துவிட்டதாம், பிணம் மூச்சு விடுவது.
மூன்றாம் வரிசையில் ஒரு பையன் களுக்கென்றானாம்.
விஸ்மா திரும்பி வந்து
அவர் மார்பில் உள்ளங்கையை வைத்தாளாம்,
கை ஏறி இறங்குவதை எல்லோரும் பார்க்கும்படி.
வசனத்தில் இல்லாத ஒரு வார்த்தை:
"இருக்கிறாய்."
அப்புறம் குனிந்து
அவ்வளவு வெளிச்சத்தில்
அவரை அணைத்துக்கொண்டாளாம்.

எனக்குக் கேட்டது
கூரை வழியாக இறங்கிய கைதட்டல்,
திரை விழுந்த பொத்தென்ற ஓசை,
"இப்போது இழு."

மீட்டரின் முனைகளை வைத்தேன்.
இரண்டு பக்கமும் பீப்.
ஹீட் சிங்க் இன்னும் கை வைக்க முடியாத சூடு.
ஸ்பேனர், புது மைக்கா வில்லை, வெள்ளைப் பசை.
பதிவேட்டில் எழுதினேன்:
சானல் 14. ஷார்ட். மாற்றியாயிற்று. இருபத்திரண்டு நிமிடம்.

எவால்ட்ஸ் கோட்டோடு வந்து வாசலில் நின்றார்.
"சரிபண்ணிவிட்டாயா?"
"பண்ணிவிட்டேன்."
"ம்," என்றார்,
என்னவோ தொலைத்தவர் மாதிரி.

வெள்ளிக்கிழமை எல்லாம் ஒழுங்கு.
பதினாலாம் சுருளின் ரீங்காரம்
தாமதித்து, இன்னும் தாமதித்து
இல்லாமல் போயிற்று.
பலகை ஒருமுறை கிரீச்சிட்டது.
விளக்கை நான் அணைத்தேன்.
அவள் அணைத்தாளா,
தெரியவில்லை.