வெங்காயச் சருகு

பாகாவ் சரிவில் எங்கள் வீடு,
முன்னால் ஒரு மாடி, பின்னால் இரண்டு.
கீழறையில் துணி துவைக்கும் மெஷினும்
தண்ணீர் மோட்டாரும் இருந்தன.
இரண்டையும் வெளியே தள்ளிவிட்டுப்
புண்ணியசீலன் பலகை அடுக்கினார்.

செம்பனை ஆலையில், கொதிகலன் பக்கம்,
பத்தொன்பது வருடம்.
இடக்காதில் இப்போது ஈயம்.
"பேஸ் காதுக்கில்லை புவனேஸ்,
நெஞ்சுக்கு" என்றார்
மரத்தூள் மூக்கோடு.

சிகாமட் தவுக்கேயிடம் ஒட்டுப்பலகை.
கரண்ட் பில்லின் முதுகில் கணக்குப் போட்டார்,
விலையை மட்டும் காட்டவில்லை.
கொம்பின் தொண்டை என் வளையல் அளவு.
அங்கிருந்து மடிந்து மடிந்து பதினோரு அடி.
வாய், கதவைவிட அகலம்.
"வெளியே எப்படி எடுப்பீங்க?"
"எதுக்கு எடுக்கணும்?"

மூலைச் சுவர் இரண்டும்
கொம்போடு சேர்த்தியாம்,
மீதிக்கு வீடே போதுமாம்.
அப்படியானால் இத்தனை நாள்
ஒரு வாய்க்குள்ளா சமைத்தேன்?

தீபாவளி தாண்டியும் வயர் வரவில்லை.
சும்மா திறந்து கிடந்ததில்
வெங்காயம் கொட்டி வைத்தேன்.
நல்ல காற்றோட்டம்.

சனிக்கிழமை, சொல்லாமல் திருகினார்.
ஒரே சுருதி. கேட்கவேயில்லை.
பக்கத்து வீட்டு மெய் லிங்கின் நாய்
முதலில் எழுந்தது.
அப்புறம் அலமாரிச் சட்டிகள்,
என் கடைவாய்ப் பல்,
காலையில் பசியாறிய தோசை.

கொம்புக்குள்ளிருந்து
சருகு சருகாய் வெங்காயத்தோல்
அவர் தலையில், புருவத்தில், சட்டைப்பையில்.

"கேக்குதா?" என்று கத்தினார்.
வலப்பக்கமாய்ப் போய் நின்று
சொன்னேன்:
"கிலோ ஆறு வெள்ளி."