இன்றைக்கு இதுவரை

குரோம்பேட்டை, இரண்டாம் மாடி.
ஜெபசெல்வி சுவரில் பென்சில் கோடு போடுகிறாள்:
இன்றைக்கு இதுவரை.

இரண்டு விரல்கள் எறும்பாய் ஏறுகின்றன
பிடிமானமே இல்லாத டிஸ்டெம்பர் சுவரில்.
பல்லாவரம் குவாரியில்
என்னை முழுசாய்த் தூக்கிய கை.
விழுந்து கழன்றதில்லை இந்தத் தோள்,
விடாமல் பிடித்துக் கழன்றது.

எலும்புக்குள் மூன்று நங்கூரம் திருகியிருக்கிறார்கள்.
ராத்திரி புரண்டால்
கப்பல் அசைகிறது.

ஒற்றைக் கையால் பின்ன முடியாமல்
கூந்தலை வெட்டிக்கொண்டேன்.
"வேண்டுதலா?" என்கிறார் ஹவுஸ் ஓனர்.
ஆமாம் சார், பாறைக்கு.

பதினான்காவது வாரம்.
தாம்பரம் பஸ் சடாரென்று பிரேக் போட
வலது கை தானாகவே மேலே போய்க்
கம்பியைப் பிடித்திருக்கிறது.

"டிக்கெட், டிக்கெட்."
சில்லறை வலது பாக்கெட்டில்.
கண்டக்டர் காத்திருக்கிறார்.
விட மனசில்லை.