தாகம் என்று திருத்தினார்

பகலில் கப்பல் காகிதங்கள்.
பாரிமுனை, மூன்றாம் மாடி, ஓடாத லிஃப்ட்.
மார்சேயிலிருந்து வரும் பெட்டிகளில் இருப்பதை
பிரெஞ்சிலிருந்து பெயர்த்துத் தட்டச்சுவேன்:
ஆலிவ் எண்ணெய், டிராக்டர் பல்சக்கரம்,
ஒருமுறை முந்நூறு மெழுகுக் கைகள்.

இரவில் அந்த நாவல்.
கடலோரம் ஒரு கன்னியர் மடம்.
காசிமேட்டுக் கடல் இல்லை, குளிர்ந்த, வாசனையற்ற கடல்.
மணிக்கூண்டைப் பழுதுபார்க்க ஒருவன் வருகிறான்.
நாற்பது பக்கத்துக்கு அவன் முகமே வராது,
சுத்தியல் சத்தம்தான்.
அவள் ஜெபமாலை உருட்டுகிறாள்.
ஓர் அடி, ஒரு அருள்நிறைந்த மரியே.
ஓர் அடி, ஒரு அருள்நிறைந்த மரியே.
எது எதை எண்ணுகிறதென்று
அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும்.

பங்குத் திருவிழாவுக்கு இதை நாடகமாகப் போடலாம்
என்று வாயை விட்டது நான்தான்.
மணிக்காரன் வேஷம் இன்னாசிக்கு.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்;
இருபது டன்னை முட்டைபோல இறக்கி வைப்பான்,
வசனத்தை மட்டும் தொப்பென்று போடுவான்.

பாதர் தனிஸ்லாஸ் கையில் சிவப்பு மை.
மூன்றாம் காட்சியில் முத்தம்: வெட்டு.
ஐந்தாம் காட்சியிலிருந்து மணிக்காரன்
சிறுவயதில் தொலைந்த அவளுடைய அண்ணன்.
கடைசியில் அவள் சொல்லும் ஒற்றை வரி.
அந்தச் சொல்லுக்காக ஒரு வாரம் அலைந்திருந்தேன்.
இச்சை என்றால் பாவசங்கீர்த்தனப் பெட்டிக்குள் போய்விடுகிறது.
வேட்கை என்றால் பத்தாம் வகுப்புப் பரீட்சை.
ஆசை என்றே எழுதியிருந்தேன். 'ஆசையாயிருக்கிறது.'
ஆசையை அடித்தார். மேலே தாகம் என்று எழுதினார்.
"சிலுவையிலே ஆண்டவரே சொன்ன வார்த்தைம்மா.
ஒருத்தரும் தப்பு சொல்ல முடியாது."

அந்த வருஷம் ஊரில் தண்ணீர் இல்லை.
பனைமரத்தொட்டிக்கு மூன்று நாளைக்கொரு லாரி.
பள்ளிக்கூட மைதானத்தில், பூச்சி மொய்க்கும் டியூப்லைட் அடியில்
பெண்கள் மடியில் காலிக் குடத்தோடு நாடகம் பார்த்தார்கள்.
பன்னிரண்டு மணிக்கு வரும் என்று பேச்சு.

கடைசிக் காட்சி.
ஏணியடியில் இன்னாசி, கையில் நிஜச் சுத்தியல்.
அண்ணனைப்போல நிற்கச் சொல்லியிருந்தோம்.
அவனுக்கு அப்படி நிற்க வரவில்லை.
நான் சொன்னேன்:
தாகமாயிருக்கிறது.

மூன்றாம் வரிசையில் மிக்கேலம்மா எழுந்தாள்.
கருவாட்டுக் கூடைக்குள் கைவிட்டு
ஒரு தண்ணீர் பாக்கெட்டை எடுத்து மேடைக்கு எறிந்தாள்.
"இந்தா பொண்ணு, எம்மா நேரமா நிக்கற, குடி!"

மைதானமே சிரித்தது.
எடுத்தேன். முனையைக் கடித்தேன்.
வெதுவெதுப்பாக, பிளாஸ்டிக் நாற்றத்தோடு, முழுவதும் குடித்தேன்.
மிச்சம் தாடையில், கழுத்தில்,
வாடகைக்கு எடுத்த கன்னியர் உடுப்பில் இறங்கியது.
இன்னாசி பார்த்துக்கொண்டிருந்தான்.
சிரிப்பு எந்த இடத்தில் நின்றதென்று சொல்ல முடியவில்லை.
பாதர் குனிந்து செருப்பைத் தேடினார்.

பிறகு அந்த நாவலை மூன்று விதமாகப் படத்தில் பார்த்துவிட்டேன்.
மௌனப் படத்தில் மணி ஆடுகிறது, சத்தமில்லை;
அது ஒன்றுதான் கொஞ்சம் கிட்டே வந்தது.
வண்ணப் படத்தில் அவள் மிக அழகு,
அவள் துக்கத்துக்குக் கூட நல்ல வெளிச்சம்.
போனில் பார்த்த எட்டுப் பாகத் தொடரில்
மடத்தைவிட்டு ஓடி ரொட்டிக்கடை வைக்கிறாள்.
வைக்கட்டும்.
ஒருவரும் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை.

என் கைப்பிரதியில் அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது.
சிவப்பு மை பழுப்பாகிவிட்டது,
அடித்த கோட்டுக்கு அடியில் பழைய சொல்
வாசிக்கும்படியாகத்தான் இருக்கிறது.

அன்று லாரி ஒன்றரை மணிக்கு வந்தது.
உடுப்பு மாற்றாமல் வரிசையில் நின்றேன்.
"சிஸ்டருக்கு வழி விடுங்க" என்றார்கள், இரண்டு குடம் கிடைத்தது.
ஒன்றை நான் இடுப்பில் வைத்தேன்.
மற்றதை இன்னாசி தோளில் ஏற்றினான், ஒரு சொட்டு சிந்தாமல்.
கல்மண்டபம் வரை வழியெல்லாம்
விழித்திருந்தவர்கள் அவனை
அண்ணன் என்றே கூப்பிட்டார்கள்.