பார்க்க

வடசேரிச் சந்தைக்கு எதிர்மாடியில்
கலைக்களஞ்சியம், முதல் தொகுதி.
முப்பது வருஷம் தாவரவியல் நடத்தினவள் என்பதால்
இயக்கங்களை வகை பிரிக்கும் வேலை என் தலையில்.
"குடும்பம், பேரினம், இனம். அம்புட்டுதானே டீச்சர்,
மனுசருக்கும் அதையே போடுங்க" என்றார்
தலைமைப் பதிப்பாசிரியர் தாணுமாலயன்,
வெற்றிலைக் காம்பு கிள்ளுகிற லேசில்.

மூன்று இழுப்பறைகள்.
சமயம். சமூகம். இதர.
இதரவில் ஒரு சிலந்தி
முட்டையிட்டுக் குடும்பமாக இருந்தது.

இரட்சணிய சேனை அட்டையை எடுத்தேன்.
சீருடை உண்டு, துப்பாக்கி இல்லை.
ஜெபம் உண்டு, ஆஸ்பத்திரியும் உண்டு.
எனக்குக் குடல்வால் எடுத்தது அங்கேதான்.
இந்தத் தழும்பு எந்த இழுப்பறை?
மத்தியானம்வரை யோசித்து
அட்டையைத் திரும்பக் கட்டில் சொருகினேன்.

அடுத்தது அய்யாவழி.
அதற்குள் கடிதங்கள் வந்துவிட்டன.
தனி மதம், மாற்றி எழுதினால் அச்சகத்துக்கு வருவோம்.
இந்து சமயத்தின் கிளை, மாற்றி எழுதினால் கோர்ட்டுக்கு வாருங்கள்.
தலைவரிக்கு எதிரான எழுச்சி, பக்தி அதன் மேலுறை:
இது ஒரு பேராசிரியர், பதினொரு பக்கம், அடிக்குறிப்போடு.
கொட்டாரத்திலிருந்து ஒரு தபால் அட்டை மட்டும்
'எப்படிப் போட்டாலும் எழுத்துப்பிழை இல்லாமல் போடவும்.'

செடி என்றால் இலையைக் கிள்ளி முகர்வேன்,
பூவைப் பிளந்து சூலறை எண்ணுவேன்.
ஞாயிறு ஆராதனை முடிந்து
வேதப்புத்தகப் பையோடே
நிழல் தாங்கலுக்குப் போனேன்.
பெரியப்பா மகன் சுயம்புக்கனி அங்கே
தலைப்பாகை கட்டிக்கொண்டிருந்தான்.
ஒரே கொல்லத்தில் பிறந்தோம்,
ஒரே பள்ளிக்கூடத்தில் அடிவாங்கினோம்.
சான்றிதழில் அவன் ஒரு கட்டம், நான் ஒரு கட்டம்.

"கணக்கெடுக்க வந்த பிள்ளைகிட்ட
அய்யாவழின்னு சொன்னேன்.
அதுக்குக் கட்டம் இல்லன்னுட்டு.
செரி மக்கா, கட்டம் வரும்போ வான்னு
கருப்பட்டிக் காப்பி குடுத்து விட்டேன்."

உள்ளே சிலை இல்லை.
விளக்கு, அதற்குப் பின்னால் நிலைக்கண்ணாடி.
அதில் என் மூக்குக்கண்ணாடி,
பாடகர் குழுவின் வெள்ளைப் புடவை,
குறிப்பு நோட்டு.

"இது சமயமா, சமூகமாடே?" என்றேன்.
முடிச்சை இறுக்கிக்கொண்டே கேட்டான்:
"உனக்க தோள்ல கெடக்கிற சீலை
எந்தப் பெட்டி?"
கை தானாகப் போய் முந்தானையைத் தொட்டது.
கண்ணாடியிலும் தொட்டது.
நான் நோட்டை மூடினேன்.
அவன் பணிவிடைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான்.

திங்கட்கிழமை, இரண்டு அட்டை எழுதினேன்.
சமயத்தின் கீழ்: அய்யாவழி. பார்க்க: சமூகம்.
சமூகத்தின் கீழ்: அய்யாவழி. பார்க்க: சமயம்.
மெய்ப்புத் திருத்தும் பீர்கண்ணு
சிவப்புப் பேனாவோடு வந்தார்.
"அங்க போனா இங்க பாருங்குது,
இங்க வந்தா அங்க பாருங்குது.
காலத்துக்கும் ரெண்டும்
மூஞ்சிய மூஞ்சி பாத்துட்டு நிக்கும் டீச்சர்."
நிற்கட்டும் என்றேன்.
"விஷயம் எதுல வரும்?"
இரண்டிலும் பாதிப்பாதி.
தாணுமாலயன் கூரையைப் பார்த்தார்.
பக்கம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை,
வெட்டினாலும் வெட்டுவார்.

அய்யாவழிக்கு அடுத்த அட்டை, அயனி.
இதற்கு யாரும் கடிதம் போடவில்லை.
அறுவை மில்லில் அது தடி,
கடற்கரையில் வள்ளம்,
சந்தையில் சக்கை.
மரம் என்று எழுதி முடித்துக்கொண்டு
கீழே இறங்கினேன். சித்திரை வெயில்.
ஓலைப்பெட்டியில் பழுத்து வெடித்தது ஒன்று
பத்து ரூபாய்க்கு வாங்கி
நின்ற இடத்திலேயே தின்றேன்.

பிசின்.
சோப்புக்கும் போகவில்லை, மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை.
மாலைவரைக்கும்
எந்த இழுப்பறையைத் திறந்தாலும்
பிடியில் என் ரேகை.